‘ஃபார்மல்ஸ் கட்டாயம்’ என்று மட்டும் எழுதாதீர்கள்: சேலம் பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்குத் தையல்காரர்களின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சேலத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் செல்லைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு, குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் தையல் கடை வைத்திருப்பவர்களும் ஆலைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

கம்பெனி வருவதற்கு முன் நீங்கள் ஒட்டும் நோட்டீஸில் உடையைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டே சொல்தான் இருக்கிறது: ‘ஃபார்மல்ஸ் கட்டாயம்’. அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் நேராக எங்களிடம் வருகிறார்கள், அதுவும் முந்தின நாள் சாயங்காலம். என்ன வேலை, எந்த ஊர், அறையில் உட்கார்ந்து பேசுவதோடு சரியா, ஆலைக்குள்ளும் கூட்டிப் போவார்களா என்று கேட்டால் அவர்களுக்குத் தெரிவதில்லை. அது தெரியாமல் கத்தரியை எடுப்பது எங்களுக்கும் குருட்டு வேலை. சில கல்லூரிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், இறுதியாண்டு முழுவதற்கும் ஒரே நிறத்தில் கோட்டும் டையும் என்று பணம் வசூலித்து விடுகிறார்கள். இந்த இரண்டைப் பற்றியும் எங்கள் தொழில் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் கோட்டு. சட்டையில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம், கோட்டில் முடியாது. கோட்டுக்கு உயிர் தோள்பட்டை. தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அரை இஞ்ச் வெளியே போனாலும் அப்பாவுடைய கோட்டைப் போட்டதுபோல் தெரியும். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோளைக் குறைப்பது என்றால் கையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஷோல்டர் பேடை எடுத்து, லைனிங்கைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும், பாதிக் கோட்டைப் புதிதாகத் தைத்த மாதிரி. அதனால்தான் ஒழுங்காகத் தைக்கும் கோட்டுக்குக் குறைந்தது இரண்டு ட்ரையல் பார்க்கிறோம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூட்டையில் வந்து இறங்கும் கோட்டுக்கு ஏது ட்ரையல்?

அந்த விலைக்கு வரும் கோட்டின் முன்பக்கத்தில் கான்வாஸ் வைத்துத் தைத்திருக்க மாட்டார்கள். பசை தடவிய ஃப்யூசிங் துணியைச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். அழுத்தமோ சூடோ குறைந்திருந்தால், ஒரு மழையில் நனைந்ததும் அல்லது வீட்டில் ஒரு முறை துவைத்ததும் பசை விட்டு, மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதை இஸ்திரி போட்டு அமுக்க முடியாது. உள் லைனிங் முழுக்கப் பாலியஸ்டர், காற்று ஏறாது, வியர்வையை உறிஞ்சாது. சேலம் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு குரூப் டிஸ்கஷனுக்கு வரிசையில் நிற்கும் பையன், உள்ளே போவதற்குள் சட்டையோடு ஊறியிருப்பான். கோட்டு சுகமாக இருக்கக்கூடிய இடம் இந்த மாவட்டத்தில் ஒன்றுதான்: 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் வரும் மார்கழி மாத ஏற்காடு. நேர்முகமோ அடிவாரத்தில் நடக்கிறது.

கோட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பெனியே ‘பிசினஸ் ஃபார்மல்ஸ்’ என்று எழுதிக் கேட்டிருந்தால், வாடிக்கையாளர்கள் முன்னால் போய் நிற்கிற வேலை என்றால் போடட்டும். அந்தச் சிலர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அண்ணன் கல்யாணக் கோட்டைத் தோள் சரியாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் கட்டாயம் என்று சுமத்தாதீர்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். தறிக்குப் போகிற அப்பாவும் ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற அம்மாவும் கட்டுகிற பணம் அது. அதே பணத்தை நல்ல சட்டை, பேண்ட், ஷூவில் போட்டால் வேலை கிடைத்த பிறகும் உடம்பில் இருக்கும்.

இனி ஆலை. மெக்கானிக்கல், மெட்டலர்ஜி, எலக்ட்ரிக்கல் பிள்ளைகள் போகும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: சேலம் உருக்காலை, மேட்டூர் அனல்மின் நிலையம், கோயம்புத்தூர் ஃபவுண்டரிகள், ஓசூர் வாகனத் தொழிற்சாலைகள். இப்படிப்பட்ட இடங்களில் பேசி முடித்ததும் ‘வாங்க, ஷாப் ஃப்ளோரைப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று கூட்டிப் போவது வழக்கம். அந்த நடையிலும் கேள்வி கேட்பார்கள். அங்கே டை கட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தாலே சூபர்வைசருக்கு வயிற்றைக் கலக்கும். சுற்றுகிற ஷாஃப்ட்டோ, லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கோ டை நுனியைப் பிடித்தால் கழுத்தோடு இழுக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22ஆம் பிரிவில், ஓடுகிற இயந்திரத்தருகே வேலை செய்பவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றும், அந்த உடையை ஆலை நடத்துபவரே கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஆலைச் சீருடையில் தொங்கலே இல்லாமல் நாங்கள் தைப்பது அதனால்தான். டைக்குச் சொன்னது துப்பட்டாவுக்கும், விரித்துவிட்ட தலைமுடிக்கும், நீங்கள் கொடுக்கும் அடையாள அட்டைக் கயிற்றுக்கும் பொருந்தும். கயிறு வாங்கும்போது இழுத்தால் பின்கழுத்தில் தானே விடுபடும் கிளிப் வைத்ததாக வாங்குங்கள். அது இல்லையென்றால் ஆலை வாசலில் கழற்றிப் பையில் போடச் சொல்லுங்கள்.

துணியும் முக்கியம். பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகிவிடும். வெல்டிங் பொறியின் சூடு ஆயிரத்துக்கும் மேல். பருத்திச் சட்டையில் பொறி பட்டால் கருகி ஓட்டை விழும், அவ்வளவுதான். பாலியஸ்டரில் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுத்தால் தோலும் வரும். வெல்டிங், ஃபவுண்டரி, உருக்கு என்று எந்த இடத்துக்குப் போனாலும் முழுப் பருத்திச் சட்டை, முழுப் பருத்திப் பேண்ட் என்று நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள். மோதிரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரிக்கல் பேனல் பக்கம் உலோக மோதிரம் மின்சாரத்துக்குப் பாலம் போட்டுக் கொடுக்கும். நெற்றியில் இருக்கும் விபூதியையோ குங்குமத்தையோ பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள், அது எந்த இயந்திரத்திலும் மாட்டாது.

ஆலைச் சுற்று இல்லாத சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கும் போகிறவர்களுக்கு முழுப் பருத்தி அவ்வளவு நல்லதல்ல. பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தாலே முதுகு முழுக்கச் சுருக்கம் விழும். பருத்தி 60, பாலியஸ்டர் 40 கலந்த துணி இந்த ஊருக்குச் சரி. சட்டை முழுக்கை. வெள்ளை, வெளிர் நீலம், மெல்லிய கோடு, இவற்றில் எதுவும் போதும். வியர்க்கிற உடம்பாக இருந்தால் சாம்பல் நிறத்தை எடுக்கவே கூடாது, அக்குள் ஈரம் மேப் வரைந்த மாதிரி தெரியும். வெளிர் நீலத்திலும் ஓரளவு தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் தெரிவது குறைவு. வெள்ளை வாங்கும்போது ஒற்றை மடிப்பாகக் கையில் விரித்துப் பாருங்கள், ரேகை தெரிந்தால் வேண்டாம். உள்ளே கை வைத்த பனியன் போடச் சொல்லுங்கள். கையில்லாத பனியன் அக்குள் வியர்வையைத் தடுக்காது, அதன் கோடும் வெளியே தெரியும். வெள்ளைச் சட்டைக்குள் பளீர் வெள்ளை பனியனைவிட வெளிர் சாம்பல் பனியன் மறைந்து நிற்கும்.

துணி எடுக்கிற அளவு: 58 இஞ்ச் அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர். மார்பு 42க்கு மேலோ ஆள் நல்ல உயரமோ என்றால் 1.80. 36 இஞ்ச் அகலம் என்றால் 2.25 முதல் 2.50 வரை வேண்டும். பேண்டுக்கு 58 இஞ்சில் 1.20, ஆறடிக்காரருக்கு 1.30 எடுத்தால் நிம்மதி. பருத்தித் துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, நிழலில் காயவைத்து, தேய்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். அவசரம் என்று வருகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் அடி விழுகிறது. முதல் துவைப்பில் நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கினால், 24 இஞ்ச் கை ஒரு இஞ்ச் ஏறிவிடும். 15½ காலர் அரை இஞ்சுக்கு மேல் இறுகி மேல் பட்டன் மாட்டாது. போட்டுப் பார்த்த அன்று எல்லாம் சரியாக இருந்தது, துவைத்துப் போட்டால் கழுத்தை நெரிக்கிறது என்று வரும் சண்டை முழுக்க இந்த ஒரு ராத்திரியை மிச்சம் பிடித்ததால் வருவது.

பிள்ளைகள் கேட்பது ஸ்லிம் ஃபிட். உடம்பு 38 என்றால் 40 வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். நின்றால் நன்றாகத்தான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் பட்டனுக்குப் பட்டன் வாய் பிளக்கும். உடம்பு அளவுக்கு மேல் 4 இஞ்ச் லூஸ் வேண்டும், ஒல்லியானவருக்கு 3 போதும். சட்டை நீளம் நடுத்தர உயரத்துக்கு 29, 30. இன்றைக்கு வெளியே விட்டுப் போடுகிற ஃபேஷனுக்கு 27இல் வெட்டிய சட்டையை எடுத்துவந்து டக் இன் செய்கிறார்கள், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். எஞ்சினியர் நேர்முகம் என்றால் எழுந்துபோய் போர்டில் வரைந்து காட்டச் சொல்வார்கள், இதை நினைவில் வையுங்கள். அதனால் எங்கள் கடையில் ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றால் மட்டும் போதாது என்று சொல்லிவிடுகிறோம்: ஸ்டூலில் உட்கார், கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுவரில் எழுதுகிற மாதிரி இழு, குனிந்து ஷூ லேஸ் கட்டு. இதற்குப் பிறகும் சட்டை உள்ளேயே இருந்தால் தையல் சரி. காலரில் மேல் பட்டன் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். கை மணிக்கட்டு எலும்பில் நிற்க வேண்டும்.

பேண்டில் லோ ஹிப் வேண்டாம், உட்கார்ந்தால் பின்னால் சட்டை வெளியே வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பாட்டம் சுற்றளவு 14, 15 இஞ்ச். 12க்கு இறக்கினால் ஷூவின் மேல் துணி மாட்டிக்கொண்டு நிற்கும். பின் தையலில் ஒன்றரை இஞ்சும் காலடி மடிப்பில் இரண்டு இஞ்சும் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முதல் வருடக் கேன்டீன் சாப்பாட்டில் எல்லோருக்கும் இடுப்பு ஒரு சுற்று கூடிவிடும், பிரித்து விட இடம் இருக்கும். ஆலைச் சுற்று இல்லாதவர்களுக்குத் துணி பாலி விஸ்கோஸ் போதும், நிறம் கருப்பைவிடக் கருநீலமோ அடர் சாம்பலோ நல்லது. கருப்பில் தூசியும் இஸ்திரிப் பளபளப்பும் உடனே தெரியும். பளபளப்பு வராமல் இருக்க உட்புறம் திருப்பித் தேய்க்க வேண்டும், மேல்புறம் தேய்த்தே ஆக வேண்டும் என்றால் ஈரத் துணி போட்டுத் தேய்க்க வேண்டும்.

கஞ்சி பற்றியும் ஒரு வார்த்தை. தறியில் ஏற்றும் பாவு நூலுக்கே கஞ்சி போடுகிற ஊர், மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. அதற்காகச் சட்டையை அட்டையாக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மாவைக் கரைத்துக் காய்ச்சினது முழுப் பருத்திக்குப் போதும். அதிகமானால் அடர் நிறத்தில் வெள்ளைத் திட்டு விழும், வியர்வையில் பிசுபிசுக்கும், மடிப்பில் காலர் வெடிக்கும். கலப்புத் துணிக்குக் கஞ்சியே வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் உடையைப் பற்றி உங்கள் நோட்டீஸில் பெரும்பாலும் ‘டீசன்ட்’ என்ற ஒரு சொல்தான். அது அளவும் இல்லை, துணியும் இல்லை. சுடிதார், சட்டை பேண்ட், சேலை மூன்றும் சரி. எது பழக்கமோ அது. சேலை கட்டிப் பழகாத பிள்ளையை அன்றைக்குப் புதிதாகச் சேலையில் அனுப்பினால் அவள் கவனம் முழுக்க மடிப்பிலேயே இருக்கும். ஆலைச் சுற்று உண்டு என்றால் சேலையும் துப்பட்டாவும் வேண்டாம், சட்டை பேண்டோ, துப்பட்டா தேவைப்படாத மாதிரி காலர் வைத்த குர்த்தியும் நேரான பேண்டுமோ சரி. குர்த்திக்கு 44 இஞ்ச் அகலத்தில் 2.50 மீட்டர். லைனிங் துணியையும் சேர்த்து ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே அது சுருங்கி மேல் துணி பை மாதிரி தொங்கும். பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் கேட்காமல் வைப்பதில்லை, அது எங்கள் தப்புதான். செல்போனும் பேனாவும் ஹால் டிக்கெட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு எப்படிக் கை குலுக்குவது? கொலுசுக்குப் பேர்போன ஊர் இது, இருந்தாலும் அன்றைக்கு மணி இல்லாத கொலுசாக இருக்கட்டும்.

ஷூ எங்கள் தொழில் இல்லை. ஆனால் நேர்முக நாளில் அதிகம் காலை வாருவது அதுதான், அதனால் சொல்கிறோம். பரணில் இரண்டு மூன்று வருடம் கிடந்த அண்ணன் ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு போகிறார்கள். அடி பியூ (பாலியூரித்தேன்) சோலாக இருந்தால், காற்றின் ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பொருளே உள்ளுக்குள் சிதைந்திருக்கும். பார்க்கப் புதிதாக இருக்கும், நூறு அடி நடந்ததும் பிட்டு மாதிரி உதிரும். பசை போட்டு ஒட்டவும் முடியாது. ஒரு வாரம் முன்பே எடுத்து, சோலை நகத்தால் அழுத்தி, இரண்டு கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் தெரிந்தால் வேறு வாங்குவதுதான் வழி. புது ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கிய பிறகு. பெருவிரலுக்கு முன் அரை இஞ்ச் இடம் வேண்டும். பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வீட்டில் போட்டு நடந்தால் குதிகாலைக் கடிக்காது. வழவழப்பான தோல் அடியைவிடக் கோடு வெட்டிய ரப்பர் அடி நல்லது, ஆலைத் தரையில் எண்ணெய் இருக்கும். சாக்ஸ் அடர் நிறத்தில் கெண்டைக்கால் பாதி வரை. ஆலையில் சேஃப்டி ஷூ கொடுத்தால் அந்தச் சாக்ஸ்தான் காலைக் காப்பாற்றும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம்.

ஆன்லைன் நேர்முகத்துக்கு இரண்டே விஷயம். நெருக்கமான கட்டமும் மெல்லிய கோடும் போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக மினுமினுக்கும், வெற்று நிறம் போடட்டும். வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளைச் சட்டை வேண்டாம். பேண்ட் போட வேண்டும் என்பதையும் சொல்லிவைப்பது நல்லது.

வெளியூருக்குப் போகிறவர்கள் நேர்முகச் சட்டையைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறக் கூடாது. டீ சர்ட்டில் போய், அங்கே மாற்றிக்கொள்ளட்டும். மடித்துக் கொண்டுபோகும்போது வெள்ளைச் சட்டையைச் செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும்.

இனி உங்களால் மட்டும் முடிகிற காரியங்கள். நோட்டீஸில் ‘ஃபார்மல்ஸ்’ என்ற சொல்லுக்குப் பதிலாக நான்கு தகவல் கொடுங்கள்: என்ன வேலை, நேர்முகம் எந்த இடத்தில், ஆலைக்குள் கூட்டிப் போவார்களா, கோட்டும் டையும் கம்பெனியே கேட்டிருக்கிறதா. கம்பெனி எச்.ஆரிடம் ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். பிளேஸ்மென்ட் செல்லில் ஒரு மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி ஒன்று வையுங்கள். கூடவே ஒரு டப்பாவில் ஊசி, வெள்ளை, கருப்பு, நீல நூல், நாலு துளைச் சட்டைப் பட்டன் ஒரு டஜன், ஊக்கு ஒரு அட்டை, ஷூ பாலிஷ் கருப்பிலும் பழுப்பிலும் ஒவ்வொன்று. எல்லாம் சேர்த்தும் ஒரு கோட்டு விலை வராது. கல்லூரிக்கு ஒரு தையல்காரரை ஒரு நாள் கூப்பிட்டு, ட்ரையல் எப்படிப் பார்ப்பது, பட்டன் எப்படிக் கட்டுவது என்று காட்டச் சொல்லுங்கள். கூப்பிட்டால் வருகிறோம், காசு வேண்டாம்.

கடைசியாக நாள் கணக்கு. கை தேர்ந்த ஒரு ஆள் ஒரு நாளில் நாலைந்து சட்டைக்கு மேல் ஒழுங்காகத் தைக்க முடியாது. உங்கள் கல்லூரியில் நூறு பேர் ஒரே வாரத்தில் வந்தால், அதில் பாதி ஓட்டைத் தையலாகத்தான் போகும். மே, ஜூனில் பள்ளிச் சீருடையும் முகூர்த்தத் துணியும் கழுத்து வரை இருக்கும். ஐப்பசி வந்தால் தீபாவளி, அதற்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவோம். நடுவில் ஆடியில் கல்யாணம் இல்லை, மெஷின் சும்மா இருக்கும், துணிக்கடையில் தள்ளுபடியும் இருக்கும். மூன்றாம் வருடத் தேர்வு முடிகிறபோதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: ஆடியில் துணி எடு, ஆடியிலேயே தைத்து, ஒரு முறை துவைத்துப் போட்டுப் பார்த்து வை. ஜூலையிலேயே முதல் கம்பெனி வருகிற கல்லூரி என்றால் மார்ச்சில் அனுப்புங்கள். ஆடியில் வரும் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் மட்டும் அனுப்ப வேண்டாம், கடையில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
சேலம் தையல் கடைக்காரர்கள் சிலர்